கையால் கூப்பிட்ட பெயர்கள்

மில்லுக்குள் யாரும் என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் கேட்காது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கோன் வைண்டிங் வேலை பார்த்தேன். சின்னக் குழலில் இருக்கும் நூலை மெஷின் பெரிய கோனில் சுற்றும். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். சத்தம்தான் பெரிது. பக்கத்தில் நிற்கிறவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும்.

அதனால் கையால் பேசினோம். மணி கேட்க மணிக்கட்டைத் தட்டுவோம். மேனேஜர் வருகிறார் என்றால் இரண்டு விரலை வளைத்துக் கண்ணில் வைப்போம். அவர் கண்ணாடி போட்டவர். ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிக்கு ஒரு சங்கதி வந்து சேர நொடி போதும். சண்டை, சினிமாக் கதை, யார் வீட்டில் என்ன குழம்பு, எல்லாம் கையிலேயே நடக்கும். ஆளுக்கு ஒரு சைகையும் உண்டு. அதுதான் அங்கே பெயர்.

என்னுடையது உள்ளங்கையால் வாயைப் பொத்துவது. நான் அதிகம் பேச மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். அதற்காக வைத்த பெயர் என்று நினைத்தேன். பொருத்தமான பெயர் என்றும் நினைத்தேன்.

பெயர் வைக்கிறவள் என் எதிர் மெஷின்காரி. அவளை அக்கா என்று கூப்பிடுவேன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். என் டப்பாவில் கையை விட்டு மீனை எடுப்பாள்.

"ஏட்டி, நீ வச்ச மீனு கூட நாக்குல நின்னு பேசுது. நீதான் பேசமாட்டேங்க" என்பாள்.

அவள் அப்படி என் டப்பாவில் கைவிடுவது எனக்குப் பெரிய காரியம். நாங்கள் எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊருக்குக் கடைசியில் இருக்கிற தெரு. வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். வேதத்தில் சேர்ந்தாலும் தெரு அதே தெருதான். அவள் அதைப் பார்க்கவில்லை என்று இருந்தேன்.

எங்கள் மேஸ்திரிக்கு வைத்த சைகை வால். கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக்குக் கீழே ஆட்ட வேண்டும். மேனேஜரைக் கண்டால் அவர் அப்படிக் குழைவார். வாலை நானும் ஆட்டியிருக்கிறேன்.

இன்னொருத்தர் மூன்றாவது மெஷின். அவரை மதினி என்று கூப்பிடுவேன். முழம் முழமாகப் பூ வைப்பார். அதனால் தலைக்குப் பின்னால் கையை வட்டமாகச் சுற்றினால் அவர். புருஷன் லாரியில் அடிபட்டுப் போனார். மதினி வெறும் தலையோடு வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு யாரோ சைகையை மாற்றினார்கள். புறங்கையால் நெற்றியை அழிப்பது போல ஒரு இழுப்பு. அது மதினிக்குத் தெரியாது. அவர் திரும்பி நிற்கும்போதுதான் போடுவார்கள்.

இப்படி இருந்த இடத்துக்கு அந்தப் பிள்ளை வந்தாள்.

அது எண்பதுகளின் கடைசி. அவளுக்கு இருபது வயது இருக்கும். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அம்மா இட்லி சுட்டு விற்கிறவர். முதல் நாள் அந்த அம்மாதான் பஸ்ஸில் என்னிடம் பிள்ளையை ஒப்படைத்தார்.

"எனக்குப் பொறவு இவளுக்கு யாரு தாயி? இந்த மில்லு வேலை நிலைச்சிட்டா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்" என்றார்.

பதிலி வேலை. யாராவது வராத நாளில் அந்த மெஷினைப் பார்க்க வேண்டும். மேஸ்திரி நல்ல வார்த்தை சொன்னால் நிரந்தரம் ஆகும். சொல்லாவிட்டால் கிடையாது.

அக்கா முதல் நாளே, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் படத்துக்கு முந்தி டிவி நியூஸ்ல கையாட்டுவாகளே, அதுலேர்ந்து எறங்கி வந்துட்டாளா?" என்று சிரித்தாள். காதைப் பொத்திக் காட்டினாள். பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று.

பிள்ளை வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அந்த ஷெட்டில் எல்லோரும் செவிடுதான். அவள் மட்டும் அதற்குப் பழகியவள். நூல் அறுவதைச் சத்தத்தில் நாங்களும் கேட்கவில்லை, கண்ணால்தான் பார்த்தோம். அவள் கண் எங்கள் கண்ணைவிட வேகம். எங்கள் கைப்பேச்சு முழுவதும் அவளுக்கு வந்துவிட்டது. யாரோடும் பேசாமல் வளர்ந்த பிள்ளைக்கு ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் பேசக் கிடைத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போதும் கை நிற்காது. என் தோளைத் தட்டித் தட்டி அன்றைய சங்கதியை மறுபடி சொல்லுவாள். நான் தலையை ஆட்டுவேன்.

ஒன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு வாயால் சொல்லும் பெயர் வேறு இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. சைகைதான் எங்கள் பெயர் என்று அவள் இருந்தாள். எது முன்னால் போடுவது, எது பின்னால் போடுவது என்பதும் அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மெஷினை நிறுத்திவிடுவார்கள். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வீட்டு ஆட்களையும் உள்ளே விடுவார்கள். என் அப்பா வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். மதினி மகளோடு வந்திருந்தார். மேஸ்திரி கரை வேட்டி கட்டிச் சம்சாரத்தோடு நின்றார். மேனேஜரும் அவர் வீட்டம்மாவும் நாற்காலியில்.

ஷெட்டில் சத்தம் இல்லை. எங்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பொரியைக் கொறித்துக்கொண்டு நின்றோம்.

பிள்ளை பச்சைத் தாவணி கட்டி வந்தாள். நல்ல நாள், பெரியவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருப்பார். நேரே மேஸ்திரி முன்னால் போனாள். இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். பிறகு மரியாதையாக அவர் பெயரைச் சொன்னாள். கையைப் பின்னால் கொண்டுபோய் வாலை ஆட்டினாள்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

மேஸ்திரிக்கு முதலில் விளங்கவில்லை. பிள்ளை அவர் சம்சாரத்தைப் பார்த்துச் சிரித்து, இவரைத்தான் சொல்கிறேன் என்று அவரைக் காட்டி, மறுபடி ஆட்டினாள். மேனேஜர் வீட்டம்மா சிரித்துவிட்டார்.

"ஏமி இதி?" என்றார் மேஸ்திரி. என்ன இது என்று அர்த்தம். அவர் வீட்டில் தெலுங்கு. நிலை தப்பினால் அதுதான் வரும்.

யாரும் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. அவள் அடுத்து மதினியிடம் போனாள். கும்பிட்டாள். மகள் கண் முன்னால் தன் நெற்றியைப் புறங்கையால் அழித்தாள். மதினி அவள் கையையே பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், ஒவ்வொருத்தராக. எல்லோரும் தரையைப் பார்த்தோம். மதினி மகளை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம் என்னிடம் வந்தாள். அப்பாவையும் சேர்த்துக் கும்பிட்டாள். வாயைப் பொத்தினாள். பொத்தியபடி முதுகை வளைத்துக் குனிந்தாள்.

குனிவது எனக்குப் புதிது. மரியாதைக்குக் குனிகிறாள் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பாதி வழி வரை பேசவில்லை. எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். பிறகு கேட்டார்.

"ஒன்னய அங்க அப்படித்தான் கூப்பிடுதாவளா?"

"எப்படி?"

அவர் கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"நான் பேசமாட்டேன்லப்பா. அதுக்கு வச்சது."

"பேசாததுக்கு எதுக்குத்தா குனியணும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கய்யா மொதலாளி முன்னால அப்படித்தான் நிப்பாரு. நம்ம மூச்சு அவிய மேல பட்டுரக் கூடாதுன்னு வாயைப் பொத்திக் குனியணும். நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். அதோட போச்சுன்னுல்ல இருந்தேன்."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ஊர் வரை வந்தேன். என்னைப் பார்த்துப் போடும்போது வாயை மட்டும்தான் பொத்துவார்கள். நான் திரும்பினால் குனிவதையும் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை எல்லாப் பக்கமும் நின்று பார்த்தவள். முழுப் பெயரையும் சொல்லிவிட்டாள்.

அன்று இரவு அப்பா சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

லீவு முடிந்து மில் திறந்த அன்று மேஸ்திரி கேட்டிலேயே நின்றார். பிள்ளையை உள்ளே விடவில்லை. போ என்று கையைக் காட்டினார். அந்தச் சைகை அவளுக்கு விளங்கும். ஏன் என்றுதான் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கு ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. உள்ளே போனேன்.

அன்று ஷெட்டில் யார் கையும் பேசவில்லை. நூல் அறுந்தது, முடிச்சுப் போட்டோம். எதிர் மெஷினில் அக்கா என் பக்கம் பார்க்காமல் வேலை செய்தாள். சத்தத்துக்குள் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டு மணிக்கு வெளியே வந்தோம். பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்ப மர நிழலில் டப்பாவோடு நின்றாள். பசங்கள் தப்புச் செய்தால் வாத்தியார் வெளியே நிறுத்துவாரே, அப்படி, கூப்பிடும் வரைக்கும் நிற்பது போல நின்றாள்.

நாங்கள் அந்த மரத்தடிக்கே போய் உட்கார்ந்தோம். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

மதினிதான் முதலில் பேசினார். "மேஸ்திரி போகச் சொன்னது நியாயம். என் மக முன்னால என்னய அந்தக் கோலத்துல காட்டுனா. இவ மூஞ்சியை நான் எப்படித் தெனம் பாக்க?"

ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "மதினி, அது இவ வச்சதில்ல."

"தெரியும்ட்டி. கண்ணு எனக்கு இல்லையா? எம்புட்டு நாளா போடுதீய?"

ஒருத்தி டப்பா மூடியை நகத்தால் சுரண்டினாள்.

நான் அக்காவிடம் திரும்பினேன். "எனக்கு வச்சதுக்கு என்ன அர்த்தம்?"

"நீ பேசமாட்டேல்ல, அதான்..."

"குனியுறது?"

அக்காவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வழக்கமாக அவளைக் காப்பாற்றுவது அதுதான். அன்று வரவில்லை. முகம் அப்படியே நின்றுபோயிற்று.

"விளையாட்டுக்குத்தான்ட்டி" என்றாள். பிறகு, "நான் ஒன் டப்பாவுல சாப்பிடுதேன்லா" என்றாள்.

"சாப்பிட்டேல்ல. பொறவு எதுக்குக் குனிஞ்ச?"

நான் மில்லில் அவ்வளவு பேசியது அன்றுதான். அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தாள். சாப்பிடாத வாயைத் துடைத்தாள்.

மதினி என்னைப் பார்த்தார். "ஒனக்குமா?" என்றார். அப்போதுதான் அவர் குரல் இறங்கியது. கணக்கைச் சொல்லுவது போலச் சொன்னார்.

"இனிமே இப்படிச் செய்வோம். ஒருத்தியைப் பத்தி அவ முதுகுக்குப் பின்னால போடுறதை அவ மூஞ்சிக்கு முன்னால போட முடியணும். முடியாதுன்னா அந்தக் கையைத் தூக்கவே கூடாது."

"அப்பம் பாதிப் பேருக்குப் பேரே இருக்காதே" என்றாள் ஒருத்தி.

"அவவ பேரை அவவ சொல்லட்டும். அடுத்தவ வைக்கக் கூடாது."

"ஒடம்புல உள்ள கொறையையும் வைக்கக் கூடாது" என்றாள் கால் சாய்ந்து நடக்கும் ஒருத்தி. அவள் அதுவரை வாயே திறக்கவில்லை. "என் காலை இழுத்துக் காட்டுறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீய? சாதியையும் கொண்டாரக் கூடாது."

"மீறுனா?"

"மீறுனவ யாரைச் சொன்னாளோ அவ முன்னால வந்து நின்னு, எல்லாரும் பாக்க, அதையே போட்டுக் காட்டணும். கை வந்தா போடட்டும்."

சரி என்று எல்லோரும் தலையாட்டினோம்.

பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மதினியைக் காட்டி நெற்றியை அழித்தேன். அவள் ஆமாம், இவர் பெயர் அதுதான் என்று சிரித்தாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். மறுபடி அழித்துக் காட்டி, கண்ணில் இருந்து விரலைக் கீழே இழுத்தேன். அழுகை. கழுத்தில் தாலி இருப்பது போலக் காட்டி, அதை அறுப்பது போலச் செய்தேன்.

அவள் சிரிப்பு நின்றது.

வாலை ஆட்டி, ரோட்டில் படுத்திருந்த ஒரு நாயைக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். பிறகு என்னைக் காட்டி அவளே வாயைப் பொத்தப் போனாள். பாதியில் நிறுத்தி, கண்ணால் இதுவுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவள் தன் வலது கையை இடது கையால் அடித்தாள். ஓங்கி அடித்தாள். பிறகு இரண்டு கையையும் தாவணிக்குள் விட்டு மறைத்துக்கொண்டாள். தோளைத் தொட்டேன். வெளியே எடுக்கவில்லை. அவளுக்கு இருந்த பேச்சு அந்தக் கைதான். அதை அவள் உள்ளே வைத்துவிட்டாள்.

அக்கா எழுந்துவிட்டாள். "நான் மேஸ்திரிகிட்டப் போறேன்" என்றாள். "வச்சவ நான்."

"மூஞ்சிக்கு முன்னால போட்டுக் காட்டணும், தெரியும்லா?" என்றார் மதினி.

"தெரியும்."

எல்லோரும் போனோம். பிள்ளையையும் கூட்டிப் போனோம். மேஸ்திரி டைம் ஆபீஸ் வாசலில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும், "என்ன, அந்தப் பிள்ளைக்கு வக்காலத்தா? நடக்காது" என்றார்.

"அண்ணாச்சி, அது அவ தப்பில்ல. அது உங்க பேருன்னு நெனச்சுட்டா" என்றாள் அக்கா.

"எது பேரு?"

அக்கா பெரிய உடம்புக்காரி. கை பின்னால் போவதற்குள் முகம் வேர்த்துவிட்டது. மேஸ்திரி முன்னால் நின்று வாலை ஆட்டினாள். ஒரே தடவை.

"ஷெட்டு முழுக்க உங்களுக்கு இதான் பேரு. வச்சது நான். நீங்க மேஸ்திரியான நாள்லேர்ந்து."

மேஸ்திரி கையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் எல்லோரையும் பார்த்தார். அக்காவை வேலையை விட்டு நிறுத்த அவரால் முடியும். அது அவளுக்கும் தெரியும்.

"எல்லாருமா?" என்றார்.

எல்லோரும்தான் என்று நான் தலையசைத்தேன்.

"என் வீட்டுக்காரி ரெண்டு நாளா எங்கூடப் பேசல. அப்படியா நடந்துக்கிடுதீய அங்கன்னு கேட்டா" என்றார். "ஏமி இதி" என்று தனக்குள் சொன்னார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

மதினி அவரிடம் மரத்தடியில் பேசியதைச் சொன்னார். அவரவர் பெயரை அவரவர் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னார்.

"எனக்கு விசிலு" என்றார் மேஸ்திரி. கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டார். "வேற ஒண்ணும் வேண்டாம். விசிலு போதும்."

பிறகு பிள்ளையைப் பார்த்தார். அவள் கைகள் தாவணிக்குள்ளேயே இருந்தன.

"அந்தப் பிள்ளை கையை எடுக்கச் சொல்லுங்க. நூலு காத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லி உள்ளே போனார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன நல்ல வார்த்தை. ஆனால் அடுத்து நிரந்தரம் செய்த ஆட்களில் அவளும் இருந்தாள். அக்காவிடம் அவர் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெயர் சொல்லும் காரியம் சில நாள் நடந்தது. மதினி தலைக்குப் பின்னால் கையை வட்டமாகச் சுற்றினார். "பழையபடி பூவே இருக்கட்டும். தலையிலதான் வைக்கக் கூடாதுன்னாவ" என்றார். எல்லோரும் அதையே திருப்பிப் போட்டோம். பிள்ளை தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். வீட்டில் அவள் அம்மா அப்படித்தான் கூப்பிடுவார். காதைப் பொத்துவதை எல்லோரும் விட்டுவிட்டோம். சில சமயம் பழக்கத்தில் பழைய கை எழும். கை எழுந்தவள் சங்கு ஊதினதும் வந்து நின்று போட்டுக் காட்டுவாள். இரண்டு பேர் காட்ட முடியாமல் அழுதார்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு ஷிப்ட் மாறிவிட்டாள்.

என்னிடம் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் தோன்றவில்லை. பிள்ளை தினமும் பஸ்ஸில் புருவத்தைத் தூக்கிக் கேட்பாள். நான் கையை விரிப்பேன்.

சைகை இல்லாததால் என்னைத் தூரத்தில் இருந்து கூப்பிட முடியாமல் போயிற்று. யாருக்காவது நான் வேண்டுமென்றால் மெஷின் வரிசையைச் சுற்றி நடந்து, என் முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் சொல்லாமலே அது அப்படி ஆயிற்று. பிறகு நானும் சொல்லவே இல்லை.

அக்கா பல நாள் என்னிடம் வரவில்லை. எதிர் மெஷின்தான், ஆனால் நடுவே நீண்ட வரிசை. ஒரு நாள் அவள் மெஷினை விட்டு நடப்பதைப் பார்த்தேன். கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். தலை எல்லாம் பஞ்சு. என் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினாள். என் காதில் வாயை வைத்து என் பெயரைக் கத்தினாள்.

பாதிதான் கேட்டது.

"என்ன?" என்றேன்.

மறுபடி சொன்னாள்.